யானையைக் கட்டித் தீனி போடலாமா?

மும்பையில் நல்ல ரோடு என்று விருந்தாளிகளுக்கு எதையெல்லாம் காட்டுகிறோமோ, அதில் ஒன்றில்கூட பைக்கை விடமாட்டார்கள். பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்தில் 2009-ல் திறந்த நாளிலிருந்தே தடை. ஜே.ஜே. மேம்பாலத்தில் 2010-லிருந்து தடை. 2024 ஜனவரியில் அடல் சேது திறந்தார்களே, கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், அதிலும் தடை. அதே வருஷம் வந்த கோஸ்டல் ரோட்டிலும் தடை. புனே எக்ஸ்பிரஸ்வே கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கென்று மிச்சம் வைத்திருப்பது சயான் சர்க்கிள், தாராவி டி ஜங்ஷன், கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் அமர் மஹால், மான்கூர்ட் சிக்னல். இவற்றைக் கடந்து பன்வேல் போய்ச் சேர்ந்தால்தான் கியரை மேலே தட்டவே வாய்ப்பு.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் சித்தி பையன் புது வண்டி எடுக்கப் போகிறான். வீடு தாராவியில். மனசு ஒரு பக்கம் கே.டி.எம். டியூக் 390-இல், இன்னொரு பக்கம் ராயல் என்ஃபீல்டில். "அண்ணே, வெயிட் கம்மியா நல்ல பிக்கப்போட ஒண்ணு எடுக்கவா, இல்ல ஊருக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி பெரிய வண்டியா எடுக்கவா? நீங்க சொன்னா அப்பா ஒத்துக்குவாரு" என்றான். சித்தப்பா நான் சொல்லி எதை ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை. ஆனால் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. அவனிடம் டீக்கடையில் பாதி சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த யானை விளம்பரம். 2017-ல் பஜாஜ் கம்பெனி டோமினார் 400-க்காக ஒரு வரிசை விளம்பரம் விட்டது. ஹெல்மெட் போட்ட ஆட்கள் யானைமேல் உட்கார்ந்து டூர் போவார்கள். யானை அதுபாட்டுக்கு அசைந்து நடக்கும். பக்கத்தில் டோமினார்கள் சர்ரென்று தாண்டிப் போகும். கடைசியில் "ஹாத்தி மத் பாலோ", யானை வளர்க்காதே. யாரையும் பேர் சொல்லித் தாக்கவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நம் வீட்டுப் பெரிசுகள் புல்லட்டைப் பார்த்து "யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான்" என்று சொல்லி வந்ததையே அவர்கள் காசு செலவழித்து இந்தியில் சொன்னார்கள்.

நானும் சிரித்தேன். அப்புறம் எடையை எடுத்துப் பார்த்தேன். அப்போது டோமினார் 182 கிலோ. அப்போதைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 192 கிலோ. யானைக்கும் அதைக் கேலி செய்தவருக்கும் நடுவில் ஒரு சின்ன அரிசி மூட்டைதான்! உண்மையான வித்தியாசம் இன்ஜினில் இருந்தது. டோமினாருக்கு 35 குதிரைத்திறன். கிளாசிக்குக்கு 20-ஐத் தொடவில்லை. ஆனால் விளம்பரக்காரர்களுக்கு எடையை வைத்துக் கிண்டல் செய்வதுதான் சுலபமாக இருந்திருக்கிறது. யானைக்காரர்கள் அசரவும் இல்லை. 2017–18 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு 8 லட்சத்துக்கு மேல் வண்டி விற்றது.

இந்தச் சண்டை அதற்கும் ரொம்ப முன்னாடியே இங்கே நடந்து முடிந்ததுதான். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து ராஜ்தூத் 350-ஐக் கொண்டுவந்தது. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சுமார் 30 குதிரைத்திறன். சென்னை திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் போட்டுக்கொண்டிருந்தவர்களின் வண்டியும் அதே 350 சிசிதான், ஆனால் 18 குதிரைத்திறன். எடையில் பெரிய இடைவெளி கிடையாது. ஒன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டிய வண்டி, இன்னொன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டலாம். ராஜ்தூத் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்ததில் சில வருஷத்திலேயே கடையைக் கட்டியது. இலேசான, சுறுசுறுப்பான வண்டிமேல் இருந்த ஆசையை 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100 தீர்த்துவைத்தது: 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோ அளவில். 1996-ல் நிறுத்திவிட்டார்கள். தாராவி 90 அடி ரோட்டில் இன்றைக்கும் ஒரு ஆர்.எக்ஸ். போனால் டீக்கடையில் நாலு தலை திரும்பும்.

ஆக, "ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் இலேசு, டூரிங் வண்டி என்றால் கனம்" என்ற ஜோடி இயற்கையாக அமைந்தது இல்லை. கம்பெனிகள் அப்படி ஜோடி சேர்த்து விற்கிறார்கள், நாமும் அப்படியே நம்பி வாங்குகிறோம். என் கணக்கில் ஜோடியே தப்பு. மும்பைக்குள் ஓட்ட இலேசான உடம்பும் நிதானமான இன்ஜினும் வேண்டும். ஊர்ப்பக்கம் திருநெல்வேலி வரை போவதற்குக் கொஞ்சம் கனமான உடம்பும் வேகமான இன்ஜினும் வேண்டும். ஷோரூமில் கிடைப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

இன்ஜினிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போதைய கிளாசிக் 350-இன் பிஸ்டன் குறுக்களவு 72 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகிற தூரம் 85.8 மில்லிமீட்டர். பழைய டியூக் 390-இல் குறுக்களவு 89, தூரம் வெறும் 60. ஒல்லியும் உயரமும் ஒன்று, குட்டையும் அகலமும் இன்னொன்று. உயரமான சிலிண்டர் நிமிஷத்துக்கு 4,000 சுற்றிலேயே தன் முழு இழுவையைக் கொடுத்துவிடும். குட்டைச் சிலிண்டருக்கு 7,000 வேண்டும். முழுத் திறனைப் பார்க்க 9,000 சுற்றுக்குப் போக வேண்டும். சயானிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் வரை சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே போய் 9,000 சுற்று சுற்றுவது? 3,000-க்குக் கீழே போனால் டியூக் திக்கும், உதறும், கிளட்சைப் பிடி என்று கெஞ்சும். முதல் கியருக்கும் ரெண்டாம் கியருக்கும் நடுவே இடது கை வெந்துபோகும். அதற்குள் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சூட்டுக் காற்று நேராகத் தொடையில். மே மாதம் செம்பூரில் இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளாசிக்கை மூன்றாவது கியரில் போட்டு 25-இல் உருட்டிக்கொண்டே போகலாம். இன்ஜின் வாயே திறக்காது.

அப்படியானால் ஊருக்குள் கனமான வண்டிதான் ஜெயித்ததா? ஓடிக்கொண்டிருக்கிற வரை.

90 அடி ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, செயினில் எண்ணெய் விட்டுக்கொண்டே, "தம்பி, ஓடும்போது எல்லா வண்டியும் ஒரே கனம்தான். நின்னாத்தான் தெரியும்" என்றார். அந்தப் பேச்சை அப்படியே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கிளாசிக் 195 கிலோ, இப்போதைய டியூக் 390, 168 கிலோ. வித்தியாசம் 27 கிலோ. 75 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் 270-க்கும் 243-க்கும் நடுவே, பத்தில் ஒரு பங்கு. பின்னால் ஒருத்தரும் 20 கிலோ சாமானும் ஏறினால் 350-க்கு எதிரே 323; விகிதத்தில் வித்தியாசம் இன்னும் தேய்ந்துவிட்டது. ஆனால் இறங்கித் தள்ளும்போது நம் எடை கணக்கிலேயே இல்லை. அந்த 27 கிலோ முழுசாக நம் முழங்கைக்கு வந்துவிடும்.

தாராவியில் வண்டி வைத்திருப்பவன் தினமும் தள்ளித்தான் ஆக வேண்டும். சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஹேண்டில்பார் சுவரில் உரசும். மெயின் ரோட்டில் விட்டால் காலையில் முன்னாடி நாலு வண்டி நிற்கும். அவற்றை ஒதுக்கி, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பின்பக்கமாக இழுத்து, சாக்கடை மூடியில் டயர் வழுக்காமல் திருப்பி வெளியே எடுப்பதற்குள் ஒரு குளியல் வீண். சேல்ஸ் பேப்பரில் இந்த வேலைக்கென்று ஒரு வரியும் போடமாட்டார்கள்.

மழைக்காலம் வேறு. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா: எங்கே தண்ணீர் நிற்கும் என்று மாட்டுங்கா குழந்தைகளுக்கே மனப்பாடம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது வண்டியை அப்படியே விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த அளவு வேண்டாம், சாதாரண ஜூலை மழையே போதும். சைலன்சருக்குள் தண்ணீர் ஏறி இன்ஜின் நின்றால் ஸ்போர்ட்ஸ் வண்டியும் டூரிங் வண்டியும் ஒன்றுதான், இறங்கித் தள்ள வேண்டியதுதான். தண்ணீருக்கு அடியில் பேவர் பிளாக் பெயர்ந்திருக்கிறதா, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு இருக்கிறதா, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கால் வழுக்கும் இடத்தில் 195 கிலோ ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. விட்டுவிட்டு விலகி நிற்பதுதான் புத்தி.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். எத்தனை கிலோ என்பதைவிட அந்தக் கிலோ எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் 650, 241 கிலோ. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான். நம் ஊர் சராசரி உயரக்காரனுக்கு ரெண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும். அதே கம்பெனியின் ஹிமாலயன் 450, 196 கிலோதான், சீட்டோ 825 மில்லிமீட்டர். பெட்ரோல் டேங்கை நிரப்பினால் 17 லிட்டரும் மேலே போய் உட்காரும். சிக்னலில் ஒரு காலை ஊன்றும்போது எது கனம் என்று உங்கள் இடுப்பு சொல்லும்.

இனி பன்வேல் தாண்டுவோம்.

மும்பையிலிருந்து திருநெல்வேலி சுமார் 1,600 கிலோமீட்டர். புனே, சத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி. கோடை விடுமுறையில் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் பார்த்து நொந்துபோன நம் பையன்கள் இந்த வழியில் பைக்கில் கிளம்பிவிடுவது இப்போது சகஜம். கோயில் கொடைக்கு ஊர் போய்ச் சேர்ந்து, மும்பை நம்பர் பிளேட்டோடு கோயில் வாசலில் வண்டியை நிறுத்துகிற பெருமை இருக்கிறதே, அதற்காகவே முதுகெலும்பை அடமானம் வைப்பார்கள்.

இந்த வழியில் நம்மை வாட்டுவது ரெண்டு விஷயம். ஒன்று, லாரியைத் தாண்டுவது. எதிரே வண்டி வருகிற ரோட்டில் லாரியின் நீளத்தைத் தாண்டி முடிக்கிற நேரம்தான் உயிர். 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் உடனே 100 வர வேண்டும். கிளாசிக்கின் 20 குதிரைத்திறன், ரெண்டு பேர், பை, தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு ஏற்றம் என்றால், திருகிவிட்டு குலதெய்வத்தைக் கும்பிட வேண்டியிருக்கும். பழைய புல்லட்டில் இன்னொரு கஷ்டமும் உண்டு: 85-ஐத் தாண்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு. 2020-ல் மீட்டியரோடு வந்த புது இன்ஜினில் பேலன்சர் போட்டு அதை நிறையக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அவசரத்துக்குச் சேமிப்பில் வைத்திருக்கிற பலம் அதில் இல்லை. இந்த இடத்தில் டியூக்கின் இன்ஜின்தான் ராஜா. ஊருக்குள் உதறிய அதே இன்ஜின், 90-இல் ஆறாவது கியரில் தூங்குகிற மாதிரி ஓடும், எழுப்பினால் பாயும். பைக்குக்கு நாலு வழிச் சாலையில் 2018-இல் மத்திய அரசு வைத்த உச்ச வரம்பு 80 கிலோமீட்டர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 150-இல் போகலாம் என்று வண்டி வாங்குகிறவர்கள் அந்தக் காசை அபராதத்துக்குத் தனியாக எடுத்துவைப்பது நல்லது.

ரெண்டாவது, காற்று. சித்ரதுர்காவில் மலைமேல் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோவில்பட்டி தாண்டி கயத்தாறிலும் ரோட்டோரமாகவே காற்றாலைகள்தான். சும்மாவா அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், 150 கிலோ வண்டி எம்மாத்திரம். பக்கவாட்டில் ஒரு அடி அடித்தால் இலேசான வண்டி ஒரு முழம் தள்ளிப் போய்விடும். பின்னால் பெரிய பெட்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். இங்கேதான் கனத்தின் அருமை தெரியும். வண்டி காற்றுக்கு லேசாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் கோட்டிலேயே போகும். அன்றைக்கு ராத்திரி அறையில் போய்ப் படுக்கும்போது தோள்பட்டை வலிக்காமல் இருப்பதற்கு அந்தக் கூடுதல் 30, 40 கிலோதான் காரணம்.

அதற்காகக் கனத்துக்கு எல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. 2004-ல் இவான் மெக்ரெகர், சார்லி போர்மன் என்ற ரெண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து நியூயார்க் வரை பி.எம்.டபிள்யூ. ஆர் 1150 ஜி.எஸ். வண்டிகளில் போனார்கள். சாமானோடு 300 கிலோவைத் தாண்டுகிற வண்டிகள். அந்தப் பயணத்தின் தொடரைப் பார்த்துத்தான் உலகம் பூராவும் டூர் என்றால் மலை மாதிரி வண்டி வேண்டும் என்ற எண்ணம் ஊறியது. ஆனால் அதே தொடரில், மங்கோலியச் சேற்றில் படப்பிடிப்பாளரின் பி.எம்.டபிள்யூ. மக்கர் செய்ய, அவர் அங்கேயே ரஷ்யத் தயாரிப்பு சின்ன வண்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு போவார். மற்ற இரண்டு பேரும் சேற்றில் விழுந்த யானைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்தில் அந்தப் பகுதியைக் காட்டியதாக ஞாபகம் இல்லை.

பஞ்சர் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். கிளாசிக்கில் பெரும்பாலான மாடல்களுக்குக் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நடுவழியில் பின்சக்கரம் என்றால் அன்றைய திட்டம் போச்சு. டியூப்லெஸ் சக்கரமுள்ள வண்டியில் திரியைச் சொருகிக் காற்றடித்துவிட்டு டீ ஆறுவதற்குள் கிளம்பலாம். மறுபக்கம், இன்ஜினில் கோளாறு என்றால் புல்லட்டுக்குக் கோவில்பட்டியிலும் ஆள் உண்டு, ஹிரியூரிலும் ஆள் உண்டு. ரேடியேட்டரும் சென்சாரும் உள்ள வண்டிக்கு லேப்டாப் உள்ள சர்வீஸ் சென்டரைத் தேட வேண்டும். அண்ணாச்சி இதை வேறு மாதிரி சொல்வார்: "புல்லட் அடிக்கடி கேக்கும், கொஞ்சமாக் கேக்கும். மத்தது எப்பவாச்சும் கேக்கும், மொத்தமாக் கேக்கும்."

விலையிலும் இப்போது ஒரு கோடு விழுந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே 40 சதவீதம். 349 சிசி வண்டிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர். 310-உம் கோட்டுக்கு உள்ளேதான், 312 சிசி. கனமா இலேசா என்று யோசிக்காமல் அரசாங்கம் சிலிண்டர் கொள்ளளவை மட்டும் பார்த்து வரி போடுகிறது.

கடைசியாக, சித்தி. இந்தப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள் அவள்தான். வெள்ளிக்கிழமை செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு அவளை யார் கூட்டிக்கொண்டு போவது? ஸ்போர்ட்ஸ் வண்டியின் பின்சீட் கையகலம், அதுவும் உயரத்தில். புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார முடியாது. பிரேக் போட்டால் ஓட்டுகிறவன் முதுகில்தான் வந்து விழ வேண்டும். அவனுடைய டியூக் ஆசையைச் சொன்னதும் சித்தி கேட்ட முதல் கேள்வியே, "நான் எங்கடா உக்காருவேன்?" சித்தப்பா அதற்குச் சிரித்தார். அவருக்கு வண்டியே வேண்டாம், பஸ் இருக்கும்போது எதற்கு என்கிற கட்சி.

நான் அவனுக்குச் சொன்னது இதுதான். வருஷத்தில் எத்தனை நாள் நெடுஞ்சாலையில் போவாய், எத்தனை நாள் டி ஜங்ஷனில் நிற்பாய் என்று உனக்கே தெரியும். நிற்கிற நாளுக்கு வண்டி எடு. ராயல் என்ஃபீல்டே 2022-ல் கொண்டுவந்த ஹண்டர் 350-ஐப் போய்ப் பார். கிளாசிக்கில் இருக்கிற அதே நிதானமான இன்ஜின், ஆனால் 181 கிலோ. டியூப்லெஸ் சக்கரம் உள்ள மாடல் இருக்கிறது, சித்திக்கும் இடம் இருக்கிறது. லாரியைத் தாண்டும்போது அது திணறும், மறைக்க மாட்டேன். ஊருக்குப் போகிற வழியில் 80-ஐத் தாண்டாமல், நாள் கூட எடுத்துக்கொண்டு போ. இல்லை, வருஷத்துக்கு நாலு தடவை நெடுந்தூரம் கட்டாயம் என்றால் டோமினார் மாதிரி ஒன்று. அப்போது தினமும் காலையில் தள்ளுகிற வேலைக்கு முனகக் கூடாது.

அவன் முகம் அவ்வளவாக மலரவில்லை. டியூக்கின் ஆரஞ்சு நிறம் கண்ணிலேயே நின்றிருக்கும். வயசு இருபத்தி மூணு, நானும் அவனை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். ஷோரூமில் டெஸ்ட் ரைடு என்று காலி ரோட்டில் ஒரு ரவுண்டு விட்டு அனுப்பிவிடுவார்கள். அது போதாது. சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய், சயான் பக்கம் ஒரு சுற்று வந்து, திரும்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு ஷோரூம் சரிவில் வண்டியைப் பின்பக்கமாக மேலே தள்ளிப் பார். சேல்ஸ் பையன் சிரிப்பான், கண்டுகொள்ளாதே. முடிந்தால் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் ஏற்றிப் பார். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறான். சித்தப்பா பஸ்ஸில் வந்து சேருவாராம்.